ஓவியரின் வண்ணத்தட்டுக்கு நிறங்களைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடங்குபவர் எத்தனை நிறங்கள் வாங்க வேண்டும்?

வெள்ளையையும் சேர்த்து எட்டு போதும். 24 நிறப் பெட்டியைத் திறந்தவுடன் எல்லாம் கைக்குள் இருப்பது போன்ற மகிழ்ச்சி ஏற்படும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 24-இல் பாதி, மற்ற பாதியிலிருந்து ஒரு நிமிடத்தில் கலந்து எடுக்கக்கூடியவை. அவை ஆயத்தமாகக் கையில் இருப்பதால் கலக்கும் பழக்கமே வராமல் போகிறது. நானும் அப்படி ஒரு பெட்டியில்தான் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அதில் தீர்ந்துபோயிருந்தவை ஐந்து நிறங்கள், தொடாமலே இறுகிக் கிடந்தவை எட்டோ ஒன்பதோ.

எட்டில் எவை என்று கேட்டால் என் பட்டியல் இது: எலுமிச்சை மஞ்சள் ஒன்று, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த மஞ்சள் ஒன்று, காட்மியம் சிவப்பு அல்லது அதை ஒத்த பைரோல் சிவப்பு, குவினாக்ரிடோன் மெஜந்தா, அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா (சுட்ட மண்ணின் செம்பழுப்பு), வெள்ளை. இதில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்பது கீழே வரும் விடைகளில் விளங்கும். ஒரு நிறத்தைத் தனியாக எடுத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. தட்டில் அதற்கு அருகில் வேறு எந்த நிறங்கள் இருக்கின்றனவோ, அவற்றோடு கலக்கும்போது அது என்ன தருகிறது என்பதை வைத்துத்தான் அதன் மதிப்பு அமைகிறது.

மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் இருந்தால் எல்லா நிறமும் கலக்கலாம் என்று படித்தோம். கலந்தால் ஏன் ஊதா அழுக்காகவும் பச்சை மந்தமாகவும் வருகிறது?

அந்தப் பாடம் தவறில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. வண்ணக் கலவை என்பது ஒளியைக் கூட்டுவதன்று, கழிப்பது. ஒவ்வொரு நிறமியும் தன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு நிறமிகளைக் கலந்தால் இரண்டும் விழுங்காமல் விட்ட பகுதி மட்டுமே கண்ணுக்கு வந்து சேரும். ஆகவே, கலவை பிரகாசமாக வருமா என்பதைத் தீர்மானிப்பது, அந்த இரண்டும் பொதுவாகத் திருப்பி அனுப்பும் ஒளி எவ்வளவு என்பதே.

எடுத்துக்காட்டாக, அல்ட்ராமரைன் சற்றே ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம். பச்சை ஒளியை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த மஞ்சளை அதனோடு கலந்தால் கிடைப்பது வெயிலில் காய்ந்த இலையின் மந்தமான பச்சை. அதே இடத்தில் பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ நீலத்தையும் எலுமிச்சை மஞ்சளையும் வைத்தால், இரண்டுமே பச்சை ஒளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்புவதால், கண்ணைப் பறிக்கும் பச்சை வரும். ஊதாவுக்கும் இதே கணக்குத்தான். காட்மியம் சிவப்பு நீல ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதுமே விழுங்குகிறது. அதை எந்த நீலத்தோடு கலந்தாலும் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல்தான் மிஞ்சும். மெஜந்தாவை அல்ட்ராமரைனோடு கலந்தால்தான் தூய ஊதா கிடைக்கும்.

இதனால்தான் ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் இரண்டு எடுக்கச் சொல்கிறார்கள். வெப்ப நிறம், குளிர் நிறம் என்று இவற்றைப் பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தச் சொற்களில் அவ்வளவு பிடிப்பில்லை, ஏனென்றால் அல்ட்ராமரைன் வெப்பமா குளிரா என்பதில் ஓவியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ‘இது எந்தப் பக்கம் சாய்கிறது’ என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அச்சுக்கூடங்களில் சியான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்றை முதன்மையாக வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே. மெஜந்தாவோடு மஞ்சளைச் சேர்த்து நல்ல சிவப்பைப் பெறலாம். சிவப்போடு எதைச் சேர்த்தும் மெஜந்தாவைப் பெற முடியாது. மூன்றே நிறங்களோடு பழக விரும்புபவர் எலுமிச்சை மஞ்சள், குவினாக்ரிடோன் மெஜந்தா, தாலோ நீலம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். அழகாக வரும், ஆனால் மண்ணின் நிறத்தைக் கலந்து எடுக்கவே நேரம் போய்விடும்.

ட்யூபின் மேல் எதைப் படிக்க வேண்டும்?

பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீடு. அதில் முதலெழுத்தான ‘பி’ நிறமியைக் குறிக்கும், அடுத்த எழுத்து நிற வகையைக் குறிக்கும், எண் அந்த வகைக்குள் குறிப்பிட்ட நிறமியைச் சொல்லும். பிபி 29 (ட்யூபில் PB 29) என்றால் அல்ட்ராமரைன். பிபி 28 என்றால் கோபால்ட் நீலம். பிஒய் 35 காட்மியம் மஞ்சள். பிஆர் 108 காட்மியம் சிவப்பு. பிடபிள்யூ 6 டைட்டேனியம் வெள்ளை. இந்தக் குறியீடு உலகம் முழுவதும் ஒன்றே. பெயர்கள் அப்படியல்ல.

‘சாப் கிரீன்’ என்ற பெயர் ஒரு காலத்தில் ஒரு புதர்ச்செடியின் காய்ச்சாற்றிலிருந்து எடுத்த பச்சையைக் குறித்தது. இன்று அது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மஞ்சளையும் தாலோ பச்சையையும் அல்லது வேறு எதையோ கலந்து அடைக்கும் ஒரு கலவையின் பெயர். ஒரு நிறுவனத்தின் சாப் கிரீனில் பழகியவர் இன்னொன்றின் சாப் கிரீனை வாங்கினால் வேறு நிறத்தைத்தான் காண்பார். நேப்பிள்ஸ் மஞ்சள் முன்பு ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த சேர்மம். இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் வெள்ளையும் மஞ்சளும் காவியும் கலந்தது. பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்ற சொல் ஒட்டியிருந்தால், உள்ளே இருப்பது அந்த நிறமி இல்லை, அதன் சாயலைப் போலச் செய்த வேறொன்று என்று பொருள். ஹியூ என்றாலே தாழ்ந்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை. சில சமயம் மூலத்தைவிட நிலைத்து நிற்கும் நிறமியை வைத்தே அதைச் செய்கிறார்கள். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

ஒரே ஒரு குறியீடு மட்டும் இருக்கும் ட்யூப்களை முதலில் தேர்ந்தெடுங்கள். மூன்று நிறமிகள் கொண்ட ஒரு ட்யூபையும் மூன்று நிறமிகள் கொண்ட இன்னொன்றையும் சேர்த்தால் தட்டில் ஆறு நிறமிகள் மோதுகின்றன. இரண்டாம் விடையில் சொன்ன கழித்தல் கணக்கின்படி மிஞ்சுவது சாம்பலே.

குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. பிவி 19 என்ற ஒரே குறியீட்டின் கீழ் ரோஜா நிறமும் கிடைக்கும், ஊதாவும் கிடைக்கும். வேதிப்பொருள் ஒன்றே, படிக அமைப்பு வேறு. மண்ணிலிருந்து வரும் பழுப்புகளான சியன்னா, அம்பர் இரண்டும், சுட்டதும் சுடாததுமாக, பிபிஆர் 7 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. ஆகவே குறியீட்டைப் படித்த பிறகு, கையால் தீற்றிய வண்ணப்பட்டை ஒட்டப்பட்ட அட்டவணை கடையில் இருந்தால் அதையும் பாருங்கள். அச்சிட்ட அட்டவணையையும் திரையில் தெரியும் நிறத்தையும் நம்ப வேண்டாம்.

மாணவர் தர வண்ணம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எல்லா நிறத்திலும் அல்ல. மாணவர் தரத்தில் நிறமியின் அளவு குறைவு, நிரப்பியின் அளவு அதிகம். விலை உயர்ந்த நிறமிகளுக்குப் பதிலாக மாற்று நிறமிகள் இருக்கும். மண் நிறங்கள், அல்ட்ராமரைன், தாலோ நீலம் போன்றவற்றின் நிறமிகள் மலிவானவை என்பதால் மாணவர் தரத்திலும் பெரிதாகக் குறை தெரியாது. காட்மியம், கோபால்ட் வகைகளில்தான் வேறுபாடு முகத்தில் அறையும். பணத்தைப் பிரித்துச் செலவிட வேண்டுமானால், பன்னிரண்டு மாணவர் தர ட்யூப்களுக்குப் பதிலாக ஐந்து நல்ல ட்யூப்கள் என்பதே என் ஆலோசனை.

வாங்கிய நிறம் காலப்போக்கில் வெளுக்குமா?

சில வெளுக்கும். வான்கோவின் ‘படுக்கையறை’ ஓவியத்தை இன்று பார்ப்பவர் சுவர்களை வெளிர்நீலமாகக் காண்கிறார். அவர் தம் கடிதத்தில் அவற்றை வெளிர் ஊதா என்றே எழுதியிருந்தார். கலவையில் இருந்த சிவப்பு ஒளிபட்டு மறைந்துவிட்டதால் நீலம் மட்டும் மிஞ்சியது. தனி நிறம் வெளுத்தால் ஓவியத்தின் ஓரிடம் மங்கும். கலவையில் ஒன்று மட்டும் வெளுத்தால் ஓவியத்தின் நிறத்திட்டமே மாறிவிடும். இதை எண்ணித்தான் ஒளிநிலைப்பை, அதாவது ஒளிபட்டும் வெளுக்காமல் நிற்கும் தன்மையைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

இன்றும் பெட்டிகளில் தொடர்ந்து காணப்படும் ஒரு நிறம் அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர் 83. மஞ்சிட்டி வகைச் செடியின் வேரில் இருந்த சாயத்தை 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் உருவாக்கினர். ஆழமான, இரத்தச் சாயல் கொண்ட அழகிய சிவப்பு, ஆனால் மெல்லிய பூச்சாகவோ வெள்ளையோடு கலந்தோ பயன்படுத்தினால் ஒளியில் வெளுக்கிறது. 1958-இல் விற்பனைக்கு வந்த குவினாக்ரிடோன் நிறமிகள் ஏறத்தாழ அதே இடத்தை நிரப்புவதோடு நன்றாக நிலைக்கவும் செய்கின்றன. ‘நிலையான அலிசரின்’ என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் இப்படிப்பட்ட மாற்றுகளே.

ட்யூபில் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளிநிலைப்புத் தரம் குறித்திருந்தால் அச்சமின்றி வாங்கலாம். மூன்றும் அதற்கு மேலும் என்றால், பயிற்சி ஏடுகளுக்கு மட்டும். ஒளிநிலைப்பை அளக்கும் இன்னொரு முறையான நீலக் கம்பளி அளவுகோலில் வரிசை தலைகீழ்: ஒன்று மிகப் பலவீனம், எட்டு மிக உறுதி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. எந்தக் குறிப்பும் இல்லாத ட்யூபாக இருந்தால், காகிதத்தில் ஒரு பட்டை தீட்டி இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெயில் விழும் சன்னலிலும் மறு பாதியைப் புத்தகத்துக்குள்ளும் வைத்து, சில மாதங்கள் கழித்து இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாலோ நீலம் தொட்டதையெல்லாம் நீலமாக்கிவிடுகிறது. அதை விட்டுவிடலாமா?

விட வேண்டாம், அளவை மாற்றுங்கள். நிறமிகளுக்குச் சாயவலிமை என்றொரு குணம் உண்டு, அதாவது கலவையில் மற்ற நிறத்தை மாற்றும் திறன். 1935-இல் சந்தைக்கு வந்த தாலோ நீலம் இதில் மிக வல்லது. கோபால்ட் நீலமும் செருலியனும் மென்மையானவை. தாலோவை எடுக்கும்போது கத்தி முனையில் ஒரு கடுகளவு போதும், எப்போதும் வெளிறிய நிறத்தில் அதைச் சேர்க்க வேண்டுமே தவிர அதில் வெளிறிய நிறத்தைச் சேர்க்கக்கூடாது. நீர்வண்ணத்தில் அது காகித இழைக்குள் ஊறிவிடும், பிறகு நனைத்து எடுக்க வராது. அல்ட்ராமரைன் ஓரளவுக்கு வரும்.

ஒளிபுகும் தன்மையையும் இத்துடன் பார்த்துவிட வேண்டும். காட்மியங்கள் அடியில் உள்ளதை மூடும். குவினாக்ரிடோன்களும் தாலோக்களும் கண்ணாடித் தாளைப் போல அடிநிறத்தைக் காட்டும். மேற்பூச்சுகளை அடுக்கி ஆழம் கொண்டுவருபவருக்கு ஒளிபுகும் நிறங்கள் கூடுதலாகத் தேவை, ஒரே வீச்சில் கனமாகத் தீட்டுபவருக்கு மூடும் நிறங்கள் கூடுதலாகத் தேவை. ஒரு கறுப்புக் கோட்டின் மேல் நிறத்தை இழுத்துப் பார்த்தால் ட்யூபைப் படிக்காமலே இது தெரிந்துவிடும்.

எந்த வெள்ளையை வாங்குவது?

டைட்டேனியம் வெள்ளை. நீர்வண்ணக்காரருக்குக் காகிதமே வெள்ளை, ஆகவே வாங்காமலும் இருக்கலாம். எண்ணெய் வண்ணத்தில் துத்தநாக வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது. அதன் படலம் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டு, மேலடுக்குகள் பெயர்ந்துவர இடம் தருகிறது. ஈய வெள்ளை நெகிழ்வும் உறுதியும் உள்ளது என்றாலும் நச்சு. டைட்டேனியத்தின் குறை, மிக அதிகமாக மூடுவது. ஒளிரும் நிறத்தில் அதைச் சேர்க்கச் சேர்க்க நிறம் வெளிறுவதோடு சுண்ணாம்பு பூத்தது போலக் குளிர்ந்தும் போகிறது. மஞ்சளை வெளிறச் செய்ய வெள்ளைக்கு முன் எலுமிச்சை மஞ்சளைச் சேர்த்துப் பாருங்கள்.

கறுப்பைத் தட்டில் வைக்கக்கூடாது என்கிறார்களே?

அது ஒரு பழக்கத்தைத் தடுப்பதற்காகச் சொல்லப்படும் விதி. நிழல் என்றதும் எல்லா நிறத்திலும் கறுப்பைச் சேர்ப்பவரின் ஓவியத்தில் நிழல்கள் உயிரற்றுப் போகும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு விதியும் தேவையில்லை. ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் வண்ணத்தட்டில் நான்கே நிறங்கள்: மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக், வெள்ளை. இந்தக் கூட்டத்தில் நீலத்தின் வேலையைச் செய்வது கறுப்பே. வெள்ளை கலந்த ஐவரி பிளாக், அருகில் சிவப்பும் காவியும் இருக்கும்போது, நீலச் சாம்பலாகத் தெரியும். மஞ்சள் காவியோடு கலந்தால் ஆலிவ் பச்சை தரும். மனித முகம் வரையப் பழகுபவர் ஒரு மாதம் இந்த நான்கோடு மட்டும் இருந்து பார்க்கலாம்.

கறுப்பைக் கலந்தே எடுக்க விரும்பினால் அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னா. என் பட்டியலில் பர்ன்ட் சியன்னா இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த இணைதான்: ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் மழைமேகச் சாம்பல் முதல் மரப்பட்டைப் பழுப்பு வரை ஒரே இரண்டு ட்யூப்களிலிருந்து இறங்கி வரும். இவை ஏறத்தாழ எதிர்நிறங்கள், அதனால் ஒன்றையொன்று அடக்குகின்றன.

பச்சை, தோல் நிறம் போன்றவற்றை ட்யூபாக வாங்கலாமா?

‘தோல் நிறம்’ என்ற ட்யூப் வேண்டவே வேண்டாம். எந்த மனிதருடைய தோலும் ஒரே நிறமாக இருப்பதில்லை. நெற்றியும் கன்னமும் தாடை நிழலும் தனித்தனியாகக் கலக்கப்பட வேண்டியவை.

பச்சை வேறு கதை. இயற்கைக் காட்சிகளை நிறைய வரைபவருக்கு ஒரு தாலோ பச்சையோ விரிடியனோ வசதி. ஆனால் இரண்டில் எதையும் ட்யூபிலிருந்து அப்படியே தீட்டக்கூடாது. இலையில் அந்த நிறத்தைக் காண்பது அரிது. சிறிது சிவப்போ பர்ன்ட் சியன்னாவோ சேர்த்து உடைத்தால் பச்சை மண்ணுக்கு வரும்.

விலை உயர்ந்த நிறம் சிறந்த நிறமா?

விலை நிறமியின் விலையைச் சொல்கிறது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் கல்லிலிருந்து எடுத்த அல்ட்ராமரைன் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மிக விலை உயர்ந்த நிறமிகளுள் ஒன்றாக இருந்தது. பிரான்சில் ஒரு தொழில் ஊக்கச் சங்கம் 1824-இல் இதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. 1828-இல் ழான்-பாப்டிஸ்ட் கிமே அதைப் பெற்றார். அன்று முதல் அல்ட்ராமரைன் மலிவான நிறங்களின் வரிசைக்கு இறங்கிவிட்டது. கலக்கும் வேலைக்கு அது ஒரு துளியும் தாழ்ந்துவிடவில்லை. மறுபுறம், 2009-இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியனின் குழு தற்செயலாகக் கண்டடைந்த இட்ரியம், இண்டியம், மாங்கனீசு மூன்றும் சேர்ந்த நீலம் அருமையானது, ஆனால் இண்டியத்தின் விலையால் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அல்ட்ராமரைனும் கோபால்ட்டும் கையில் இருப்பவர் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

எந்த நிறங்கள் நச்சு?

காட்மியம், கோபால்ட், ஈயம் ஆகியவை கலந்தவற்றில் எச்சரிக்கை வேண்டும். ஈரமான வண்ணமாகத் தூரிகையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. தூளாக மூச்சில் போகும்போதும் வாய்வழி போகும்போதும்தான் தீங்கு. தூரிகை முனையை உதட்டில் கூராக்காதீர்கள், காய்ந்த படலத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், இவற்றைத் தெளிப்பானில் பயன்படுத்தாதீர்கள், தட்டை முதலில் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். எண்ணெய் வண்ணக்காரர்கள் நிறமியைவிட டர்பன்டைன் ஆவியைப் பற்றிக் கவலைப்படுவதே பொருத்தம். சிறுவர்கள் இருக்கும் இடத்தில் பைரோல் சிவப்பும் ஹன்சா மஞ்சளும் காட்மியத்தின் இடத்தை நிரப்பும்.

ஊடகம் மாறினால் தேர்வும் மாறுமா?

நிறமிகள் அவையே, நடத்தை மாறும். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும். அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கருக்கும், ஏனென்றால் ஈரத்தில் பால் போல வெண்மையாக இருக்கும் பிணைப்பான் உலர்ந்ததும் தெளிந்துவிடுகிறது. எண்ணெயில் உலரும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: மாங்கனீசு உள்ள அம்பர்கள் விரைந்து உலரும், ஐவரி பிளாக் நிதானமாக உலரும். அடியடுக்கை ஐவரி பிளாக்கில் போட்டுவிட்டு மேலே அம்பரைத் தீட்டினால், மேலடுக்கு முன்னதாக இறுகி வெடிக்க வாய்ப்புண்டு.

புதிய நிறத்தை எப்போது சேர்ப்பது?

கலக்கும்போது ஒரே கலவையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்று தெரியும்போது, அல்லது எவ்வளவு கலந்தும் ஒரு நிறம் எட்டவில்லை என்று தெரியும்போது. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு கலவை அட்டவணை போடுங்கள். எட்டு நிறங்களுக்கு எட்டு வரிசை, எட்டு நிரல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வரிசை நிறமும் நிரல் நிறமும் சம அளவில். ஒரு பிற்பகல் முழுவதும் எடுக்கும், சலிப்பும் தட்டும், ஆனால் முடிந்ததும் உங்கள் தட்டில் எந்தப் பகுதி நெரிசலாகவும் எந்தப் பகுதி காலியாகவும் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். என் அட்டவணையில் காலியாக இருந்தது தூய வான நீலப் பச்சை. அதற்காக வாங்கிய கோபால்ட் டர்க்வாய்ஸ் இன்றும் ஒன்பதாவது நிறமாக இருக்கிறது. பத்தாவதாக வாங்கிய ஒரு ஆரஞ்சு, கட்டங்களில் ஏற்கெனவே நான்கு இடத்தில் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.